மாமியைக் கேட்காத கேள்வி

நான் மருத்துவிச்சி. நிலாவெளியில் ஒரு முதல் கர்ப்பக்காரியைப் பதிந்தபோது, "குடும்பத்தில ஆருக்கும் கர்ப்பத்தில பிரஷர் கூடினதா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த தாய், "இல்லை மிஸ், எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்லை" என்றா. 'இல்லை' என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பார்க்கப் போனால் சந்திப்பது பெண்ணின் தாயைத்தான். மாமியார் வேறோர் ஊரில் இருப்பா.

34ஆவது வாரம் அந்தப் பெண்ணுக்குத் தலையிடி, முகவீக்கம். பிரஷர் 160/110, சலத்தில் அல்புமின். பிரீஎக்ளாம்சியா என்கிற கர்ப்பகாலப் பிரஷர் வருத்தம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அறுவைச் சிகிச்சை, குழந்தை சிறிசு, இருவரும் தப்பினார்கள். வார்டில்தான் மூதூரில் இருந்து வந்த அவளின் மாமியைக் கண்டேன். "இவன் வயித்தில இருக்கேக்க எனக்கும் பிரஷர் ஏறி வலிப்பு வந்தது மிஸ். லோஞ்சியில போட்டு குடா கடந்து கொண்டந்தவங்க." எனக்குத் திக்கென்றது.

நச்சுக்கொடி குழந்தையின் உறுப்பு. அதன் மரபணுக்களில் பாதி தகப்பனுடையவை. ஒரு பெண்ணின் கர்ப்பத்தில் இந்த வருத்தத்தைக் கண்ட ஆண், வேறொரு பெண்ணோடு பிள்ளை பெற்றாலும் அவளுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல் என்று 1998இல் நோர்வே ஆய்வொன்று சொன்னது. 2017இல் குழந்தையின் மரபணுத் தொகுதியில், எஃப்எல்டி1 என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவுக்கு அருகே, ஆபத்தோடு தொடர்புள்ள மாறுபாடு கண்டார்கள். நச்சுக்கொடி அந்தப் புரதத்தின் கரையும் வடிவத்தை மிகையாக விடும்போது தாயின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு பிரஷர் ஏறுகிறது.

இதைச் சொன்னால் "பாத்தீங்களா, மாப்பிள்ளை பக்கத்தாலதான்" என்று சண்டை தொடங்கும். எனக்கு அந்தப் பயம் உண்டு. ஒரு மரபணு தனியாக இதைச் செய்வதில்லை. முதல் பிள்ளை, இரட்டை, சீனி வருத்தம், உடற்பருமன் எல்லாம் சேரும். ஆனால் முன்பே தெரிந்திருந்தால் 12ஆவது வாரத்திலேயே, இதைத் தடுக்கக் கொடுக்கும் அஸ்பிரின் பற்றி டொக்டரிடம் கேட்டிருப்பேன். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் கூடுதல்.

இப்போது முதல் விசிட்டிலேயே மாமிக்குப் போன் எடுக்கச் சொல்கிறேன். போன கிழமை ஒரு மாமி, "பிரஷரா? அப்பிடி ஒண்டும் இல்லை" என்றா. விட மனமில்லாமல், "பிள்ளைப்பேறு எங்க நடந்தது?" என்று கேட்டேன்.

"பெரியாஸ்பத்திரியில. கால் வீங்கினது எண்டு ஒரு மாசம் மறிச்சு வச்சவங்க."

குடும்ப வரலாற்றுக் கட்டத்தின் ஓரத்தில் அதைச் சிவப்பு மையால் எழுதினேன்.