முழங்காலுக்குப் பின்னால் ஒரு வட்டம்

ஜூலை 31, வியாழன்

கிட்டா (இங்கே மூனிக்கில் பிள்ளைகள் காப்பகம்) வாசலில் புதிதாக ஒரு தாள். கை-கால்-வாய் நோய், எங்கள் பிரிவில் இரண்டு பிள்ளைகளுக்கு. நாளையோடு மூன்று வாரம் மூடப்போகிறார்கள், இன்றைக்கென்று பார்த்து இதை ஒட்டுகிறார்கள். சின்னவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிஸ்கட் தூள்தான் இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். ரப்பர் பூட்ஸ், மழைக்கால்சட்டை, மாற்றுத்துணி, இரண்டு கிலோ தேறும் பெரியவனின் மூன்று வருஷத்து ஓவியங்கள். அவனுக்கு இது கிட்டாவின் கடைசி நாள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை இங்கே நிஜமாகவே வெளியே தூக்கி எறிகிறார்கள். டீச்சர்கள் இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று ஊஞ்சலாட்டி, வாசலுக்கு வெளியே போட்ட மெத்தையில் விட்டெறிய, பெற்றோரெல்லாம் கைதட்டுகிறோம். அவன் சிரித்துக்கொண்டே விழுந்தான். நான்தான் அழுதேன். யு-பானில் (சுரங்க ரயிலில்) வரும்போது, "நான் மெத்தைல தானே விழுந்தேன், நீ ஏன் அழுத?" என்று கேட்டான்.

லீவைப் பங்கு போட்டாகிவிட்டது. முதல் இரண்டு வாரம் நான், மூன்றாவது வாரம் இவர். நாலு பேரும் சேர்ந்து இருக்கிற லீவு என்று ஒன்று இந்த வருஷம் கிடையாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலை ஆறு மணிக்கே எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம் எல்லாம் கலந்தாயிற்று. காலையில் தூறல், பதினொன்றுக்கு மேல் விட்டது. யு3 பிடித்துத் தால்கிர்ஹென், அங்கிருந்து நடந்து ஃப்ளௌஹர் மணல்திட்டு. மணல் எங்கே, எல்லாம் கூழாங்கல். திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் இந்நேரம் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு என்று கால் வைக்க இடம் இருக்காது. இங்கே ஈஸார் ஆறு கண்ணாடிப் பச்சையில் ஓடுகிறது, கார்வெண்டல் மலையிலிருந்து நேரே வருகிற தண்ணீர், கால் வைத்தால் கணுக்கால் மரத்துப்போகிறது. விளக்கு விட பயம், யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று. பால்கனி ஜெரேனியப் பூவை நாலு பேரும் ஆளுக்கொன்றாக விட்டோம். பெரியவன் செருப்புப் பெட்டியில் சப்பரம் செய்திருந்தான். கூழாங்கல்லில் சக்கரம் உருளவில்லை, கையில் தூக்கிக்கொண்டே ஊர்வலம்.

மேகம் விலகிய அரை மணி நேரத்தில் ஒரு தாத்தா ஒட்டுத்துணி இல்லாமல் எங்களுக்கு எதிரே படுத்துக்கொண்டார். ஃப்ளௌஹரில் இது சகஜம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சின்னவள் மட்டும், "அந்தத் தாத்தா சட்டை மறந்துட்டாரு" என்று அவருக்குக் கொஞ்சம் புளி சாதம் கொண்டுபோகப் பார்த்தாள். பிடித்து உட்கார வைத்தேன். அப்புறம் புதருக்குள் ஒளிந்து விளையாடினார்கள். அந்தப் புதர்தான்.

இரவு 11

குளிப்பாட்டும்போது சின்னவளின் இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு கசகசா. கசகசா என்றுதான் நினைத்தேன். தேய்த்தால் போகவில்லை. பெரியவன் எட்டிப் பார்த்து, "அம்மா, அது ட்செக்கெ" என்றான், ஏதோ பஸ் வருகிறது என்பதுபோல. ட்செக்கெ என்றால் உண்ணி, கிட்டாவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் சும்மா அனுப்பிய, உண்ணி எடுக்கிற அட்டை டிராயரில் இருந்தது, ஏடிஎம் கார்டு அளவு, ஓரத்தில் ஒரு வெட்டு. இவர் போன் டார்ச்சைப் பிடிக்க, நான் அட்டையைத் தோலோடு ஒட்டித் தள்ளினேன். மெதுவாக, திருகாமல், நேராக. மூன்றாவது தள்ளலில் வந்தது. பெரியவன் பூதக்கண்ணாடியில் வைத்து எட்டுக் கால் எண்ணினான். செல்லோடேப்பில் ஒட்டி, காலண்டரில் இன்றைய கட்டத்தில் வைத்துவிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கடித்த இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம். சிவப்பு அந்த வட்டத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆற்றுக்குப் போனது பன்னிரண்டு மணி, பார்த்தது ஏழு. அதிகபட்சம் ஏழு மணி நேரம். சிவப்பைப் பரவ வைக்கிற பொரேலியா கிருமி உண்ணியிலிருந்து உடம்புக்குள் இறங்க அதற்கு மேல் ஆகுமாம். மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படியில்லை, அது எச்சிலிலேயே இருக்கிறது, கடித்த உடனே. பவேரியாவில் ஏறக்குறைய எல்லா மாவட்டமும் அதன் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசி மூன்றில் இரண்டு போட்டிருக்கிறோம். மூன்றாவது குளிர்காலத்தில். ஏன் போன வருஷமே ஆரம்பிக்கவில்லை? ஏன் ஆரம்பிக்கவில்லை?

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. "உண்ணியா? மாட்டுக்கு வருமே, அதுவா? அங்கயுமாடி?" தாத்தா கொல்லையில் உட்கார்ந்து பசுவின் காதுமடலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவார், அது பட்டாணி பட்டாணியாக ஊறிக் கிடக்கும். நானும் பிடுங்கியிருக்கிறேன், விரலால்! யாரும் எனக்கு வட்டம் போட்டுப் பார்க்கவில்லை. அம்மா வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள். உண்ணி ஒட்டியிருக்கும்போது எண்ணெய் தடவக் கூடாது, மூச்சுமுட்டி உள்ளே இருப்பதைக் கக்கிவிடும். எடுத்த பிறகு தடவினால் என்ன என்று தடவினேன். வட்டம் அழிந்துவிட்டது. மறுபடி வரைந்தேன். பழைய இடத்திலேயேதான் வரைந்தேனா என்று தெரியவில்லை.

சின்னவள் தன் பொம்மைக்கும் வட்டம் போட்டிருக்கிறாள், முகத்தில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வட்டத்துக்குள் கொசுக்கடி அளவு சிவப்பு. அது முதல் நாளிலிருந்தே இருப்பதுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

தொற்றுநோய்களைக் கவனிக்கிற ராபர்ட் கோஹ் நிறுவனத்தின் பக்கத்தைப் படித்தேன். கடிபட்டவர்களில் நூற்றுக்கு 0.3 முதல் 1.4 பேருக்குத்தான் பொரேலியா நோயாகிறதாம். பகலில் படிக்கும்போது நிம்மதியாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு 1.4 பெரிய எண்ணாகிவிட்டது.

பள்ளிக்கூடப் பை வாங்கினோம், பெரியவனுக்கு. 239 யூரோ. அம்மாவிடம் இருநூற்றுச் சொச்சம் என்றேன். "பரவால்லயே, இங்கயே ஐநூறுக்குக் கம்மி கிடையாது" என்றாள். நான் விளக்கப் போகவில்லை. முதல் நாள் கையில் கொண்டுபோகும் ஷூல்ட்யூட்டெ இன்னும் பாக்கி. அவன் உயரத்தில் முக்கால்வாசி இருக்கிற அட்டைக் கூம்பு, உள்ளே மிட்டாயும் பென்சிலும் அடைக்க வேண்டும். வெளியே ஜேசிபி படம் வேண்டுமாம். காலண்டரில் ஒட்டியிருக்கும் உண்ணியையும் உள்ளே போடலாமா என்று கேட்கிறான். செப்டம்பர் 16. இன்னும் 41 நாள் என்று அவனே எண்ணி வைத்திருக்கிறான்.

நான் வேறொன்றை எண்ணிக்கொண்டிருக்கிறேன். உண்ணி கடித்து எத்தனை நாள் என்று. 3.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. கொழுக்கட்டை விரிந்துவிட்டது. பக்கத்துத் தெரு மலையாளி வீட்டுக்குத் தாம்பூலம் கொடுக்கப் போனால், சின்னவள் உள்ளே நுழைந்ததும் காலைத் திருப்பிக் காட்டி "எனக்கு உண்ணி வந்துச்சு" என்கிறாள். அந்த அக்கா நேராக என் வயிற்றைப் பார்த்தார். அவர்கள் பாஷையில் உண்ணி என்றால் குழந்தை. இந்த வாரம் சிரித்தது அந்த ஒரு தடவைதான், நன்றாகச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 9, சனி, இரவு

39.2.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆறாம் நாள் ராத்திரி. மூளைக்காய்ச்சல் வைரஸ் என்றால் ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் முதல் காய்ச்சல் வரும், சாதாரண ஃப்ளூ மாதிரி, போய்விடும், அப்புறம்தான் இரண்டாவது காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு என்பது ஏழில்லையே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு 116117 என்கிற மருத்துவ உதவி எண்ணுக்கு அடித்தேன். பியானோ, பியானோ, பியானோ. கடைசியில் ஒரு அம்மா வந்தார். தண்ணீர் குடிக்கிறாளா, ஒன்றுக்குப் போகிறாளா, தன் முழங்காலுக்குத் தானே முத்தம் கொடுக்க முடிகிறதா? கழுத்து விறைத்திருந்தால் அது முடியாது. தூக்கத்தில் இருந்தவளை எழுப்பி, "முட்டிக்கு முத்தா குடு" என்றேன். கொடுத்தாள். இரண்டு முட்டிக்கும் கொடுத்தாள். அப்படியென்றால் திங்கள் காலை டாக்டரிடம் போகலாம், நடுவில் சோர்ந்துபோனால் உடனே கிளம்புங்கள் என்றார் அந்த அம்மா, அவசரமே படாத குரலில். அவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மூன்று மணிக்கு ஒரு தடவை, ஐந்து மணிக்கு ஒரு தடவை எழுப்பி முத்தம் கொடுக்க வைத்தேன். ஐந்து மணிக்கு, "இந்த முட்டி போதும்மா" என்று அழுதாள். கால் மடங்கியிருந்ததால் வட்டம் நெளிந்து வாழையிலை மாதிரி தெரிந்தது.

இவர் என்னைத் தூங்கச் சொல்கிறார். தூங்கு என்பவர்கள் எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் டாக்டர் லீவில். ஆகஸ்ட் அல்லவா, ஊரே லீவில். ஆன்சரிங் மெஷின் இன்னொரு டாக்டர் பெயரைச் சொன்னது, மூன்று தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். டிராம், அப்புறம் பஸ், மடியில் கொதிக்கிற பிள்ளை, பக்கத்தில் ஜேசிபியைப் பற்றி ஓயாமல் பேசுகிற பிள்ளை. டாக்டர் முழங்காலைப் பார்க்கவே இல்லை. அவள் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்தார், பாதத்தைத் திருப்பினார். அரிசி மணி அளவில் சாம்பல் நிறக் கொப்புளங்கள், கையில் நாலு, பாதத்தில் இரண்டு. கை-கால்-வாய். கிட்டா வாசல் தாள்!

கொப்புளத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர் பார்த்திருக்கமாட்டார். கிளம்பும்போது கதவருகில் நின்று உண்ணியையும் கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே காலைப் பார்த்தார், வட்டம் நன்றாக வரைந்திருக்கிறீர்கள் என்றார். இரண்டு ஊசியே இந்த சீசனுக்குக் காப்பாற்றும். சிவப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள், இன்னும் சில வாரம் பாருங்கள்.

சில வாரம் என்றால் எத்தனை என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில் ஏறிவிட்டது. விடிகாலை ஐந்துக்கு ஜன்னலையெல்லாம் திறந்து, எட்டுக்கு மூடி, ரோல்லாடனை (ஜன்னல் ஷட்டரை) முழுக்க இறக்கி, பகலெல்லாம் சினிமா தியேட்டருக்குள் இருப்பதுபோல இருக்கிறோம். ஏசி கிடையாது. டேபிள் ஃபேன் மூன்று கடையில் தீர்ந்துவிட்டது. வாய்ப்புண்ணால் சின்னவள் தயிரும் ஐஸும் தவிர எதுவும் தொடமாட்டேன் என்கிறாள். எனக்கும் சமைக்க மனசில்லை, மூன்று பேரும் மூன்று வேளையும் தயிர் சாதம்.

படுக்க வைப்பதுதான் போராட்டம். எட்டரை வரை வெளியே வெளிச்சம், கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற சத்தம். "இன்னும் பகல்தானேம்மா." நாடாவை இழுத்து ரோல்லாடனை இறக்கினால் அது "கடகட"வென்று இருட்டைக் கொண்டுவருகிறது. சின்னவள் கீழே மிச்சமிருக்கிற பொட்டு பொட்டு ஓட்டைகளில் வரும் வெளிச்சத்தைச் சுவரில் எண்ணிக்கொண்டே தூங்குகிறாள். இருபத்தொன்பதுக்குப் பிறகு அவளுக்கு "இருபத்திப்பத்து".

10. ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்பு, கடை எல்லாம் மூடல், பால் இல்லை. மூனிக்கில் ஒன்பது வருஷம், இன்னும் வருஷா வருஷம் இதை மறக்கிறேன். பால் வாங்க மெயின் ஸ்டேஷன் வரை போய் வந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

பெரியவனை இவர் ஷூரன்பாடு நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போனார், கடல்குதிரை பேட்ஜ் நீச்சல் பரீட்சைக்கு. கரையிலிருந்து குதித்துவிட்டான், 25 மீட்டர் நீந்திவிட்டான், தோளளவு ஆழத்தில் கிடக்கிற வளையத்தை மட்டும் எடுக்கவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டானாம். வந்ததும் நேராக ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பேட்ஜை நீச்சல் டவுசரில் தைத்துத் தரச் சொல்லி நேற்றே ஊசி நூல் எடுத்து வைத்திருந்தான். அதை எடுத்து ஒளித்தேன். ராத்திரி பாத்டப்பில் ஸ்பூனைப் போட்டு, கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, பதினேழு தடவை எடுத்தான். நான் எண்ணினேன். தரையெல்லாம் தண்ணீர்.

போட்டோ எடுக்க மறந்து, தூங்கின பிறகு எடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆஃபீஸ். காபி சூடாக இருக்கும்போதே குடித்தேன். பதினொரு மணிக்குக் கால் போட்டோ அனுப்பச் சொன்னேன். இவர் தோசை போட்டோ அனுப்பினார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போனில் பதினாறு போட்டோ, எல்லாம் ஒரே முழங்கால். மஞ்சள் பல்பில் எடுத்ததில் சிவப்பாக இருக்கிறது, ஜன்னலோரம் எடுத்ததில் ஒன்றுமே இல்லை. வட்டமும் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அளவு. முதல் வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்திருக்க வேண்டும். மீட்டிங்கில் மேஜைக்கடியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர் அது என்ன, நிலாவா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை. ரப்பர் பூட்ஸ் இரண்டு பேருக்குமே பற்றவில்லை, மூன்று வாரத்தில். சின்னவளுக்கு 27 வாங்க வேண்டும், திங்கட்கிழமை கிட்டா.

வீட்டுக்கு வந்தால் நீலப் பேனா கிடைக்கவில்லை என்று பச்சை ஸ்கெட்சில் வட்டம் போட்டிருக்கிறார்கள். சின்னவளுக்கு இரண்டு காலிலும், பெரியவனுக்கு நெற்றியில், இவருக்கு முழங்கையில். பார்க்கலாம் வா என்றால் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். சரி, தூங்கட்டும், அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.