திருகோணமலைத் தனியார் பாடசாலைகளில் ஆசிரியர் ஏன் நிற்பதில்லை: சில நாட்குறிப்புகள்

ஜூன் 2
முதலில் கணக்கு. ஒரு வருடத்தில் விலகியவர்களின் தொகையைச் சராசரி ஆசிரியர் தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் விலகல் வீதம். 24 பேரில் 6 பேர் போனால் 25 சதவீதம். இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆறு பேர் ஆறு பாடத்திலிருந்து போவது ஒன்று. ஒரே கணித இடத்துக்கு மூன்று பேர் வந்து வந்து போவது வேறொன்று. பதிவேட்டில் பாடம், சேர்ந்த மாதம், விலகிய மாதம், எந்தப் பகுதித் தலைவரின் கீழ் வேலை செய்தார் என்ற நான்கு நிரலும் வேண்டும். நாலாவதைத்தான் யாரும் நிரப்புவதில்லை.

ஜூன் 5
"அரச நியமனம் கிடைச்சது, போயிட்டா." எல்லா நிர்வாகமும் சொல்லும் காரணம். பொய்யல்ல. ஓய்வூதியம் உண்டு, ஒன்றரைக்கு மணி அடித்தால் பின்னேரம் டியூசன் வகுப்பும் எடுக்கலாம். அதற்காகப் போவதை எந்த முகாமையும் தடுக்க முடியாது. ஆனால் அதே சம்பளத்துக்கு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு தனியார் பாடசாலைக்குப் போகிறவருக்கு இந்த விளக்கம் பொருந்துமா?

ஜூன் 9
நேரசூசிதான் பெரிய விடயம். நாளுக்கு 8 பாடவேளை என்றால் வாரத்துக்கு 40. ஒருவருக்கு 32 கொடுத்தால் மிச்சம் 8. கொப்பி திருத்துவதும் பாடக்குறிப்பு எழுதுவதும் அதற்குள்தான். யாராவது லீவு எடுத்தால் அன்று 6 பாடவேளைக்கு ரிலீஃப், அதாவது வராதவரின் வகுப்புக்குப் பதில் ஆள், போட வேண்டும். அது யாரிடம் போகிறது? மறுத்துப் பேசாதவரிடம். மாதம் முழுதும் அதே பெயர்.

இப்படி ஒருவர் விலகினால் அவருடைய 32 பாடவேளையும் அதே பாடத்தின் நாலு பேருக்குப் பிரிந்து, ஆளுக்கு 8 கூடும். அதாவது மிச்சமிருந்த எட்டும் போய்விடும். அடுத்த தவணையில் இரண்டாமவரும் கடிதம் கொடுப்பார். புது ஆளைத் தேடும் காலத்தில் அந்த 32-ல் பாதியையாவது பகுதிநேர ஆளிடம் கொடுத்துவிட்டால் இந்தச் சங்கிலி அறும். ரிலீஃப் பதிவேட்டை ஆசிரியர் ஓய்வறைச் சுவரில் தொங்கவிடுவதற்குச் செலவே இல்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு சிக்கல். கிண்ணியா, மூதூரிலிருந்து வரும் முஸ்லிம் ஆசிரியருக்கு 12 மணிக்குப் பிந்திய பாடவேளையைப் போட்டுவிட்டு, வாரவாரம் ஜும்ஆத் தொழுகைக்கு "அனுமதி" கேட்க வைப்பது. நேரசூசி போடும்போதே தவிர்த்திருக்க வேண்டியது.

ஜூன் 10
கைரேகை மெஷின். மூன்று தரம் பிந்தினால் அரை நாள் சம்பளம் வெட்டு. மார்கழி மழையில் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மெஷினுக்குத் தெரியாது, அதிபருக்குத் தெரியும்.

ஜூன் 16
சம்பளத் துண்டு. 50,000 ரூபாயை அடிப்படை 20,000, "ஊக்கப்படி" 30,000 என்று பிரிப்பது பழைய தந்திரம். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) நிறுவனம் 12, ஊழியர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) நிறுவனம் 3 சதவீதம். 20,000க்கு மட்டும் கட்டினால் நிறுவனத்தின் பங்கு 3,000, முழுத் தொகைக்குக் கட்டினால் 7,500. மாதம் 4,500 மிச்சம் பிடித்ததாக நிர்வாகம் நினைக்கும். ஆசிரியரோ தன் நிதிக் கணக்கைப் பார்க்கும் அன்றே வேறு இடம் தேடத் தொடங்குவார்.

வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடையும் இப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். மாதச் சம்பளம் 50,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 1,25,000. இதைத் தவிர்க்க டிசம்பரில் ஒப்பந்தத்தை முடித்து ஜனவரியில் புதிதாக எழுதுவார்கள். வருடாவருடம் "நீங்கள் இங்கு நிரந்தரமில்லை" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு விசுவாசத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயமோ.

ஜூன் 20
விலகும் நாளில் காரணம் கேட்டால் "குடும்பப் பிரச்சினை" என்றுதான் பதில் வரும். சேவைச் சான்றிதழ் இன்னும் அதிபர் மேசையில் இருக்கிறதே. சேர்ந்து மூன்றாம் மாதம், ஒன்பதாம் மாதம் கேட்க வேண்டும். கேட்பவர் அவருடைய பகுதித் தலைவராக இருக்கக்கூடாது. மூன்று கேள்வி போதும்: போன வாரம் எத்தனை ரிலீஃப் எடுத்தீர்கள், பெற்றோர் முறைப்பாடு வந்தபோது உங்கள் பக்கம் கேட்டார்களா, சம்பளம் எந்தத் தேதியில் வந்தது. பதிலை அன்றே பதிவேட்டில், பகுதித் தலைவர் பெயருள்ள நாலாவது நிரலுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கவும்.