உப்புக்காற்றில் ஓடும் லாரிக்கு சுவிட்ச் சிப்: மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

எஞ்சினுக்குப் போகும் டீசலைக் கூட்டிக் குறைத்து, கேபினில் உள்ள சுவிட்சால் பவர், சிக்கனம் என்று நிலையை மாற்றிக்கொள்ள வைப்பதுதான் சுவிட்ச் சிப். சிப் விற்பவர் முதலில் காட்டுவது பவர் நிலையைத்தான். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: “சிப்பே இல்லாத மாதிரி வண்டியைத் திருப்ப என்ன வழி?” பாம்பன், மண்டபம், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் ஓடும் மீன் வண்டிக்கும் உப்பு லாரிக்கும் இந்தக் கேள்வியே பாதி விஷயம். காரணம் கீழே வருகிறது.

முதலில், எந்த வண்டியில் இதற்கு வேலையே இல்லை என்பதைச் சொல்லிவிடலாம். மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய லாரியில் டீசல் அளவை முடிவு செய்ய கம்ப்யூட்டர் கிடையாது. அதில் சிப்புக்குப் பேச ஆளில்லை. ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் பச்சை, மஞ்சள் டப்பாக்களில் விளக்கு மினுக்குவதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை. அந்தக் காசுக்கு ஒரு டீசல் பில்டர் வாங்கிப் போடுங்கள், வண்டிக்கு ஆகும்.

சுவிட்ச் சிப் என்ற எண்ணம் பரவியதில் அமெரிக்க ஃபோர்டு பிக்கப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1994 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசலில், எஞ்சின் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஜே3 என்றொரு திறப்பு இருக்கும். அதில் சிப்பைச் செருகி, கேபினுக்குள் ஒரு திருகு சுவிட்சைக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒரு நிலை ஸ்டாக் (கம்பெனி கொடுத்தபடி), ஒன்று டிரெய்லர் இழுக்க, ஒன்று சிக்கனத்துக்கு, ஒன்று முழு பவர், இன்னொன்று வண்டி ஸ்டார்ட்டே ஆகாத திருட்டுத் தடுப்பு. அங்கும் சிப்பால் வரும் கோளாறில் முதலிடம் தொடர்பு முனைக்குத்தான். ஜே3 முனைகள் மேல் கம்பெனி பூசியிருக்கும் பூச்சைச் சுரண்டித் துடைக்காமல் சிப்பைச் செருகினால், ஓடும் வண்டி திடீரென்று நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றாமல் செருகினால் கம்ப்யூட்டரே போகலாம்.

நம்மூரில் கிடைப்பவை வேறு. காமன் ரயில் வண்டிகளுக்கு, அதாவது ‘ரயில்’ என்ற ஒரே அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வண்டிகளுக்கு, இரண்டு வகை உண்டு. முதலாவது ரீமேப்: எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது, சில வண்டிகளில் இரண்டு கணக்கை வைத்து சுவிட்சில் மாற்றிக்கொள்வது. இரண்டாவது இடைப்பெட்டி. இதுதான் அதிகம் விற்கிறது. அந்த ரயில் குழாயில் இருக்கும் அழுத்த சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இது உட்காரும்.

அந்த சென்சாருக்கு மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். அழுத்தம் ஏறினால் சிக்னல் ஏறும், பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள். இடைப்பெட்டி அந்த சிக்னலைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். “அழுத்தம் பத்தவில்லை” என்று கம்ப்யூட்டர் நம்பி, பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே நேரத்தில் கூடுதல் டீசல் உள்ளே போகும், இழுவை கூடும். சுவிட்சில் 1, 2, 3 என்று இருப்பதெல்லாம் எவ்வளவு குறைத்துக் காட்டுவது என்ற வித்தியாசம்தான். அதாவது வண்டியின் கம்ப்யூட்டரிடம் பெட்டி ஒரு பொய்யைச் சொல்கிறது. அந்தப் பொய் அளவோடு இருக்கும்வரை வண்டி ஓடும்.

நம் கரையில் அந்த அளவைக் கெடுப்பது உப்பு. புதிதாக ஒரு பெட்டி மாட்டினால் புதிதாக இரண்டு மூன்று கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) சேர்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்றோடு வரும் உப்புத் துளியும், மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் அந்தக் கப்ளருக்குள் போய்ப் பச்சைக் களிம்பு பிடிக்கும். எர்த் பின்னில், அதாவது கப்ளருக்குள் இருக்கும் எர்த் முனையில், பிடித்தால் சிக்னல் உயர்ந்து தெரியும். கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் குறைத்துவிடும், வண்டி இழுக்காது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சிக்னல் ஒயர் விட்டு விட்டுத் தொட்டால் வண்டி குதிக்கும், செக் லைட் எரியும், பாதி பவரில் நகரும். ஸ்கேனரில் பி0087 வந்தால் ரயில் அழுத்தம் குறைவு, பி0088 வந்தால் அதிகம். இதைப் பார்த்ததும் பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அதற்கு முன் பெட்டியைக் கழற்றிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

இங்கேதான் முதல் கேள்வி திரும்ப வருகிறது. சுவிட்சை 0-இல் (ஸ்டாக் நிலையில்) வைத்தாலும் பல பெட்டிகளில் சிக்னல் அதன் வழியாகத்தான் போகிறது. களிம்பு பிடித்த முனை 0-விலும் களிம்பு பிடித்த முனைதான். உண்மையான ஸ்டாக் நிலை என்பது பெட்டியைக் கழற்றி, அதோடு வந்த பைபாஸ் கப்ளரை (பெட்டி இல்லாமல் ஒயரை நேராக இணைப்பது) செருகுவது. அந்தக் கப்ளர் இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம். இருந்தால் அதை வீட்டில் வைக்காமல், பிளாஸ்டிக் பையில் சுற்றி வண்டியின் டூல்ஸ் பெட்டியில் போட்டு வையுங்கள். ரீமேப் என்றால் மாற்றும் முன் எடுத்த ஒரிஜினல் ஃபைலையும், கம்ப்யூட்டரின் ஹார்டுவேர், சாஃப்ட்வேர் எண்களையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். எழுதும்போது பேட்டரிக்கு நிலையான சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் செத்துப்போகும். பிக்கப்புக்கு 12 வோல்ட், பெரிய லாரிக்கு 24 வோல்ட், சார்ஜரும் அதற்கேற்றபடி.

மாட்டும் முறையில் சில விஷயங்கள். சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்ட பிறகு கப்ளரில் கை வையுங்கள். பெட்டியைத் தாழ்வான இடத்தில் வைக்காமல், எஞ்சின் சூடும் சக்கரத் தெறிப்பும் படாத உயரத்தில், ஒயர் வாய் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். ஒயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொய்வு கொடுத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வழக்கம் இந்தக் கரைக்கு ஆகவே ஆகாது, டேப்புக்குள் உப்புத் தண்ணீர் தேங்கிச் செம்பு கறுத்துவிடும். ஈயம் பூசிய செம்பு ஒயர், கிரிம்ப் ஜாயின்ட், அதன் மேல் உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய், இதுதான் நிற்கும். கப்ளரின் ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் மெல்லப் பூசினால் போதும், அப்ப வேண்டாம். பின்னைத் துடைக்க கான்டாக்ட் கிளீனர் மட்டும், பெட்ரோல் கூடாது. எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் சென்சார் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

ஆனால் சிப்புக்கு முன்னால் வண்டி தகுதியாக இருக்க வேண்டும். விறகுக் கரி லோடு ஏற்றும் சாயல்குடி, கமுதி பக்கத்து வண்டிகளில் ஏர் பில்டர் சீக்கிரம் அடைக்கும். காற்று போதாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். டர்போ ஹோஸ், இன்டர்கூலர் இரண்டையும் கசிவுக்குப் பாருங்கள். டீசல் பில்டரின் அடியில் இருக்கும் தண்ணீரை வடியுங்கள், ஈரக்காற்றில் பாதி டாங்க்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் சேரத்தான் செய்யும். அழுத்தத்தைக் கூட்டிய பின் அந்தத் தண்ணீர் இன்ஜெக்டரை இன்னும் வேகமாக அரிக்கும். கிளட்சுக்கு ஒரு சோதனை: டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்குங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டிக்கு சிப் வேண்டாம்.

எந்த லோடுக்கு எந்த நிலை என்பதில் பலரும் தவறுகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை சாலை ஏறக்குறைய சமதளம். உப்பு லோடு கனம் என்பதால் பவர் நிலை வேண்டும் என்று தோன்றும். புறப்படும்போதும் பாலம் ஏறும்போதும் தவிர அதற்கு அங்கே வேலை இல்லை. கரி லோடு எடை குறைவு, உயரம் அதிகம். அதன் எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60-லிருந்து 70-க்குப் போனாலே தடை 36 சதவீதம் கூடும். அந்த லோடில் எந்தச் சிப்பாலும் மிச்சம் பிடிக்க முடியாத டீசலை, 10 கி.மீ. வேகத்தைக் குறைத்தாலே பிடித்துவிடலாம். பவர் நிலை நிஜமாகவே உதவுவது கேரளா போகும் மீன் வண்டிக்கு, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறும்போது. “ஏத்தத்துல இழுக்கலண்ணே” என்று டிரைவர் சொல்வது அங்கேதான். நிலையை மாற்றுவதென்றால் மலையடியில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நியூட்ரலில் மாற்றுங்கள். பாதி ஏற்றத்தில் திருகினால் சிக்னல் குதித்து எஞ்சின் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடலாம், கொண்டை ஊசி வளைவில் லோடோடு நிற்பது விளையாட்டில்லை. சில பெட்டிகளில் சாவியை அணைத்துத்தான் மாற்ற வேண்டும்.

ஏற்றத்தில் பவர் நிலையைப் போடுபவர் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டுக்கு ஒரு மீட்டர் கட்டாயம் வைக்க வேண்டும். அதன் முனை டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள். நெருங்கினால் காலைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குங்கள். கூலன்ட் முள் இதைக் காட்டாது. அது ஏறும்போது பிஸ்டனும் டர்போவும் ஏற்கெனவே வெந்திருக்கும். ஏறி முடித்ததும் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். வாரண்டி போகும், விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்பவரிடம் போகவே வேண்டாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்கு என் கருத்து ஒன்றுதான்: தொடாதீர்கள். கூடுதல் டீசல் தரும் புகையில், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி அடைபடும், அதைச் சுத்தம் செய்ய வண்டி திரும்பத் திரும்ப டீசலை எரிக்கும், அதில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் நீர்த்துப்போகும். புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ என்ற யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டியில் சென்சார் கண்டுபிடித்துப் பவரைக் குறைத்துவிடும். மேலும், இந்த சுவிட்சைக் கம்பெனியே பல வண்டிகளில் கொடுத்திருக்கிறது. மஹிந்திரா பிளேசோவில் டர்போ, ஹெவி, லைட் என மூன்று நிலை உண்டு. டாடா இன்ட்ராவில் எகோ சுவிட்ச் உண்டு. காலி வண்டி திரும்பும்போதும் ஹெவியிலேயே ஓட்டுபவர்கள், அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

மைலேஜ் கூடியதா என்பதை டேஷ்போர்டை நம்பிச் சொல்லக்கூடாது. ரயில் அழுத்தத்தையே பெட்டி குறைத்துக் காட்டுவதால் வண்டியின் டீசல் கணக்கும் குறைவாகத்தான் காட்டும். ஒரே பங்க்கில் டாங்க்கை நிரப்பி, அதே லோடு, அதே வழியில் மூன்று நடை ஓட்டி, திரும்ப நிரப்பி லிட்டரை எழுதுங்கள். பிறகு பைபாஸ் கப்ளர் போட்டு மூன்று நடை. கச்சான் அடிக்கும் வாரத்தை வாடை வாரத்தோடு ஒப்பிட வேண்டாம், காற்றே கணக்கை மாற்றிவிடும்.

மீன் இறக்கிவிட்டு வண்டி கழுவும் முன் பெட்டியையும் கப்ளரையும் பிளாஸ்டிக் பையால் மூடி வாயைக் கட்டுங்கள். பிரஷர் பம்பின் முனையை அந்தப் பக்கம் காட்டாதீர்கள். மாதம் ஒரு முறை, கச்சான் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கப்ளரைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள். லேசாகப் பச்சை தெரிந்தாலே துடைத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். பின் குழிந்து அரித்திருந்தால் துடைப்பதில் பயனில்லை, கப்ளரையே மாற்றுங்கள், அதுவரை பைபாஸில் ஓட்டுங்கள்.