காரணம் எழுதும் பெட்டி

மாஸ்டோடான் என்பது ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளம், ஆனால் பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களால் ஆனது. அதில் ஒரு சர்வர் இன்னொரு சர்வரை முழுவதுமாக முடக்கும்போது, அதாவது அதனோடு உள்ள தொடர்பை அறுக்கும்போது, நிர்வாகியின் திரையில் இரண்டு பெட்டிகள் வரும். ஒன்று சக நிர்வாகிகள் மட்டும் படிக்கும் தனிக் குறிப்புக்கு, மற்றது பொதுக் குறிப்புக்கு. இரண்டையும் காலியாக விட்டும் முடக்கலாம். மென்பொருள் தடுக்காது. பகலில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. மாலையில் தமிழர்கள் அதிகம் புழங்கும் ஒரு சிறிய மாஸ்டோடான் சர்வரில் புகார்களைப் பார்த்து, விதிமீறும் பதிவுகளை ஊதியமின்றி மட்டுறுத்துகிறேன். அரசியல் சண்டைகளைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி அந்தக் காலிப் பெட்டிகளால்தான்.

மாஸ்டோடானை ஆய்கன் ரோஷ்கோ என்ற ஜெர்மன் இளைஞர் 2016இல் வெளியிட்டார். இதற்குத் தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம், தங்கள் விதிகளைத் தாங்களே வகுக்கலாம், மற்ற சர்வர்களில் இருப்பவர்களோடும் பேசலாம். 2019 நவம்பரில் இந்தியர்கள் பெருந்திரளாக இங்கே வந்தார்கள். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதே உடனடிக் காரணம். 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில், கூட்டமே நாஜி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகைப்படத்தை அவர் தன் கணக்கில் வைத்திருந்தார். சர்ச்சை அதில்தான் தொடங்கியது. தொலைவில் இருக்கும் ஒரு நிறுவனம் நம் பேச்சைத் தீர்மானிக்கக் கூடாது என்ற கோபத்தோடு வந்தவர்களை நான் மதிக்கிறேன்.

அதே ஆண்டு ஜூலையில், வெள்ளை இனவெறியர்களின் புகலிடமாகப் பெயரெடுத்த கேப் என்ற தளம் மாஸ்டோடான் மென்பொருளுக்கு மாறியது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்பதால் அதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் யாரும் உத்தரவு போடாமலேயே பெரும்பாலான சர்வர்கள் கேப்பை முடக்கின. அதன் இரைச்சல் அதற்குள்ளேயே நின்றுபோனது. சர்வர் முடக்கம் என்ற கருவி எதற்காக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இனவெறியை அடையாளம் காண அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நல்லவர்கள் இருவர் அரசியலில் மோதும்போதுதான் மட்டுறுத்துநரின் தூக்கம் கெடுகிறது.

2024 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நெருங்கிய நேரம். எங்கள் பயனர் ஒருவர், வாடகை வீடு தேடிப் போன இடத்தில் சாதி கேட்கப்பட்டதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடர் பதிவாக எழுதினார். எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. ஐரோப்பிய சர்வர் ஒன்றிலிருந்து புகார் வந்தது. வெளி சர்வரிலிருந்து வரும் புகாரில் புகார் கொடுத்தவரின் பெயர் இருக்காது. சம்பந்தப்பட்ட பதிவுகளும் ஓரிரு வரி விளக்கமும் மட்டும் இருக்கும். அந்த விளக்கம் இதுதான்: அரசியல் பதிவு, உள்ளடக்க எச்சரிக்கை இல்லை.

உள்ளடக்க எச்சரிக்கை என்பது பதிவை மூடிவைத்து, மேலே தலைப்பை மட்டும் காட்டும் வசதி. விரும்புகிறவர் திறந்து படிக்கலாம். அரசியல் எல்லாவற்றையும் இப்படி மூடிவைக்க வேண்டும் என்பது சில சர்வர்களில் எழுதப்பட்ட விதி, பல சர்வர்களில் எழுதப்படாத விதி. 2022இன் இறுதியில் ட்விட்டரை விட்டு வந்த கறுப்பின அமெரிக்கர்கள் பலர், தாங்கள் அனுபவித்த இனவெறியைச் சொல்லும்போதும் எச்சரிக்கை போடச் சொல்கிறார்கள் என்று மனம் வெதும்பி எழுதினார்கள். இப்போது அதே கேள்வி எங்கள் வாசலுக்கு வந்தது.

பயனருக்குத் தனிச்செய்தி அனுப்பி விவரம் சொன்னேன். உடனே பதில் வந்தது. "அக்கா, அவர்களுக்கு இது அரசியல். எனக்கு இது அடுத்த மாதம் எங்கே தங்குவது என்ற கவலை. இதை எதற்கு மூடிவைக்க வேண்டும்?"

எங்கள் நிர்வாகக் குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தேர்தல் முடியும்வரை அரசியல் பதிவுகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிவிடலாம், எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் பாரபட்சம் வராது என்றார். அவருடைய நோக்கம் அமைதிதான். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. விதி எல்லோருக்கும் பொது என்றாலும் அதன் சுமை பொதுவாக இல்லை. சாதி தன்னைத் தொடாத வாழ்க்கை வாழ்பவர் எதையும் மூடிவைக்க வேண்டியிராது. அடிபடுகிறவரோ தன் அன்றாடத்தையே மூடிவைக்க வேண்டும். நெடுநேரம் வாதாடினோம். கடைசியில் வசைக்கும் வன்முறைப் படங்களுக்கும் மட்டும் எச்சரிக்கை கட்டாயம் என்று முடிவானது.

சில நாட்களில் அந்த ஐரோப்பிய சர்வர் எங்களை முழுவதுமாக முடக்கியது. அவர்கள் வெளியிட்டிருந்த முடக்கப் பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே காரணம் என்ற இடம் காலியாக இருந்தது.

முடக்கத்தின் அடி யார்மீது விழுகிறது என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது. சாதியைப் பற்றி எழுதியவருக்கு அந்த சர்வரில் வாசகர்கள் அதிகம் இல்லை. எங்களிடம் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர், கூந்தன்குளத்துக்கு வரும் மஞ்சள் மூக்கு நாரைகளையும் வரித்தலை வாத்துகளையும் படம்பிடித்துப் போடுவார். அவரைப் பின்தொடர்ந்த பறவை ஆர்வலர்களில் பெரும்பாலோர் அந்த ஐரோப்பிய சர்வரில்தான் இருந்தார்கள். முழு முடக்கம் இருபக்கத் தொடர்புகளையும் அறுத்துவிடும். பிறகு முடக்கத்தை நீக்கினாலும் அவை தானாகத் திரும்புவதில்லை. "நான் என்னம்மா எழுதினேன்? பறவைப் படம்தானே போட்டேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்குப் போகலாமே என்று எளிதாகச் சொல்கிறார்கள். கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள். எழுதிய பதிவுகள் வராது. பல ஆண்டுப் படங்களைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வது தீர்வாகாது.

அந்த ஐரோப்பிய சர்வரின் நிர்வாகிக்கு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் விதி, அந்தப் பதிவின் பின்னணி, பறவைப் படக்காரர் என எல்லாவற்றையும் விளக்கினேன். அவரும் வேலை முடிந்த நேரத்தில் தனி ஆளாக சர்வர் நடத்துகிறவர்தான். புகார்கள் குவிந்ததால் முடக்கியதாகவும் தமிழ்ச் சூழல் தனக்குத் தெரியாது என்றும் பதில் எழுதினார். முழு முடக்கத்தை மட்டுப்படுத்தலாக மாற்றினார். அதாவது, எங்கள் பதிவுகள் அவர்களுடைய பொது ஓடையில் வராது, விரும்புகிறவர்கள் பின்தொடரலாம். அரசியல் பதிவுகளுக்கு எச்சரிக்கை வேண்டும் என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அவருடைய சர்வரில் அவருடைய விதி நடக்கட்டும். ஆனால் ஒரு கருத்து வேறுபாட்டுக்கு, இனவெறிக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் தண்டனையைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு நடைமுறை கொண்டுவந்தோம். ஒரு சர்வரை முடக்கும் முன், அங்கே நம்மவர்களைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர், நம்மவர்கள் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்று நிர்வாகப் பக்கத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். பொதுக் குறிப்பில் காரணத்தை முழு வாக்கியமாக எழுத வேண்டும். மற்றவர்கள் தொகுத்த முடக்கப் பட்டியலை அப்படியே ஏற்றக் கூடாது, ஒவ்வொரு பெயரையும் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். இதனால் வேலை கூடுகிறது என்று மூத்தவர் இன்னமும் குறைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் எங்கள் பட்டியலில் மிக விரிவான காரணங்களை எழுதியிருப்பவர் அவர்தான்.