பீர் சர்வர் எக்ஸாம்: ஸ்டைல் பேர மட்டும் உருப்போட்டுட்டு போவாதீங்க

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடிச்சிட்டு கப்பலுக்கோ துபாய்க்கோ பெங்களூருக்கோ போக நிக்கிற பிள்ளைங்க நிறைய பேரு கேக்குறதால எழுதுறேன். சிசரோன்னா பீர பத்தி தெரிஞ்சவங்களுக்கு பரீட்சை வச்சு குடுக்குற சர்டிபிகேட், அதுல முதல் லெவலு சர்டிஃபைட் பீர் சர்வர், அத வீட்ல இருந்தே ஆன்லைன்ல எழுதி பாஸ் ஆனேன். 60 கேள்வி, 30 நிமிஷம், 75 சதவீதம் எடுக்கணும், அதாவது 45 சரியா இருக்கணும். ருசி பாக்குற டெஸ்ட் இந்த லெவல்ல கிடையாது, அது அடுத்த லெவல்லதான், அதனால குடிக்காதவனும் தாராளமா எழுதலாம், வீட்ல அம்மாட்டயும் தைரியமா சொல்லலாம்.

சிலபஸ் அவங்க சைட்லயே ஃப்ரீயா கெடக்கு. எல்லாரும் பில்ஸ்னர், போர்ட்டர், சைசான்னு ஸ்டைல் (பீர் வகை) பேர உருப்போட்டுட்டு போறாங்க, ஆனா சர்வர் லெவலுன்னா பீர எப்பிடி வைக்கணும் எப்பிடி ஊத்தணும்ங்கிற பாகம்தான் முக்கியம், நமக்க மாவட்டத்துல டிராப்ட் குழாயே (பீப்பாயில இருந்து நேரா பீர் ஊத்துற குழாய்) பாக்க கிடைக்காததால அதுதான் நமக்கு கஷ்டமும். அமெரிக்காவுல பீர் தயாரிக்கிறவங்க சங்கமான பிரூவர்ஸ் அசோசியேஷனுக்க டிராப்ட் பீர் குவாலிட்டி மேனுவல் நெட்ல சும்மாவே கிடைக்கும், அத எறக்கி வச்சிக்கிடுங்க, அதுல உள்ள படத்த பாத்து கெக் (பீர் பீப்பாய்), கப்ளர் (கெக் மேல மாட்டுற இணைப்பு), லைன் (பீர் வர்ற டியூப்), ஃபாசெட் (ஊத்துற குழாய்)னு ஒரு தாள்ல நீங்களே வரஞ்சு பாருங்க. வாசிச்சா மட்டும் மண்டையில நிக்காது.

முதல்ல சூடு. அக்கானிய (பதநீர) வெயில்ல வச்சா என்ன ஆவும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பீரும் அப்பிடி கெடுற சாமான்தான், என்ன, அங்க ஈஸ்ட்டு வேலை செய்யும், இங்க ஆக்சிஜன் வேலை செய்யும், சூடு கூட கூட அது வேகமா நடக்கும். நனைஞ்ச அட்டை மாதிரி வாசம் வந்தா ஆக்சிடேஷன்னு எழுதணும். பாஸ்டுரைஸ் பண்ணாத (சூடாக்கி கிருமிய கொல்லாத) கெக் குளிர்லயே இருந்தா 45ல இருந்து 60 நாள் தாங்கும், பண்ணினதுன்னா 90ல இருந்து 120 நாள். டிராப்ட் பீருக்கு 38 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 3.3 செல்சியஸ். பழைய ஸ்டாக்க முன்னாடி எடுக்கணும், இது தெரிஞ்சதுதானே.

அடுத்து வெளிச்சம், இங்கதான் கண்ணி வைப்பாங்க. ஸ்கங்க் நாத்தம் (ஸ்கங்க்னு ஒரு நாறுற பிராணி, அது மாதிரி வாசம்) சூட்டால வர்றது இல்ல, வெளிச்சம் ஹாப்ஸ்ல (பீருக்கு கசப்பு குடுக்குற பூ) உள்ள பொருள் மேல பட்டுதான் வரும், நல்ல வெயில்ல கொஞ்ச நிமிஷமே போதும். பிரவுன் பாட்டில் ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் ஒண்ணுக்கும் ஆவாது, கேன்ல கெக்ல அந்த பயமே இல்ல. குளிர்ல இருந்து எடுத்து வெளிய வச்சு திருப்பி குளிர்ல வச்சா ஸ்கங்க் ஆயிடும்னு ஒரு ஆப்ஷன் இருந்தா தொடாதீங்க.

டிராப்ட்ல நுரையா வந்தா கேஸ் பிரஷர கொறைக்கணும்னு தோணும், அது தப்பு விடை, முதல்ல டெம்பரேச்சர பாக்கணும், பீர் சூடானா சிஓடூ கேஸ் பிரிஞ்சு நுரையாத்தான் வரும், பிரஷர கொறைச்சா நாள் போக போக பீர் சப்புன்னு ஆயிடும். லைன் 14 நாளுக்கு ஒருக்கா காஸ்டிக் கெமிக்கல்ல கழுவணும், ஃபாசெட்டயும் அப்பவே கழத்தி கழுவணும், ஆசிட் கிளீனிங் 3 மாசத்துக்கு ஒருக்கா. கழுவாத லைன்ல பாக்டீரியா சேந்தா புளிப்பும் வெண்ணெய் வாசமும் வரும்.

கிளாஸ் சமாச்சாரம் வீட்லயே செய்து பாக்கலாம். மீன் குழம்பு சாப்பிட்ட கையோட ஒரு கிளாஸ் உள்ள விரல தேச்சிட்டு சும்மா கழுவுங்க, உள்பக்கம் நனைச்சு பொடி உப்ப தூவுங்க (கல்லுப்பு வேண்டாம்), தேங்காயெண்ணெய் இருந்த இடத்துல மட்டும் உப்பு ஒட்டாம வெறிச்சுன்னு தெரியும். அதுதான் சால்ட் டெஸ்ட். அதே கிளாஸ்ல சோடா ஊத்தினா ஓரத்துல குமிழி ஒட்டிக்கிட்டு நிக்கும், அழுக்கு கிளாஸ்ல பீரும் அப்பிடித்தான். ஷீட்டிங் (தண்ணி ஒரே படலமா வடியுதான்னு பாக்குறது), லேசிங் (நுரை கிளாஸ்ல வளையமா ஒட்டுதான்னு பாக்குறது)னு இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்கு, அதயும் பாத்துக்கிடுங்க. நம்ம ஆளுங்களுக்கு ஃப்ரீசர்ல வச்ச கிளாஸ்னா பெரிய மரியாதை, எக்ஸாம்ல அது தப்பு, ஐஸ் பட்டா நுரை கூடும், ருசியும் செத்துப்போவும்.

ஊத்துறது 45 டிகிரி சாய்ச்சு தொடங்கி, பாதி ஆனதும் பைய நிமித்தி, மேல ஒரு இஞ்ச் நுரை. ஃபாசெட் மூக்கு கிளாஸ்லயும் படக்கூடாது பீர்லயும் படக்கூடாது.

ஒரு கேள்விக்கு அரை நிமிஷம்தான், தெரியாதத தேடிக்கிட்டு இருக்க நேரம் பத்தாது. மழை சீசன்ல எழுதுறவங்க பக்கத்துல போன் ஹாட்ஸ்பாட் ரெடியா வச்சிக்கிடுங்க, கரண்டு எப்ப போவும்னு சொல்ல முடியாதுலா.