நெய்த்தேங்காயில் தொடங்குகிற மலை: குழுவாகச் சபரிமலை போகிறவர்களுக்கு

சபரிமலையில் ஒரு குழு படுகிற சிரமத்தில் பெரும்பகுதி மலையில் உண்டாவதில்லை. இருமுடிக் கட்டு நிறைக்கிற அன்றைக்கே, ஊர்க் கோயில் மண்டபத்திலோ குருசாமி வீட்டுத் திண்ணையிலோ அது தொடங்கிவிடுகிறது. நெய் ஒழுகுவதற்கும், கழுத்து பிடித்துக்கொள்வதற்கும், கூட்டத்தில் ஆளைத் தொலைத்துவிட்டு அலைவதற்கும், அபிஷேக நேரம் தவறுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கும். மாலை போட்டு 48 நாள் விரதம் இருந்தவர்கூட (கேரளத்தில் மண்டலக் கணக்கு 41 நாள்) இதையெல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளிப் போடுவதைப் பார்க்கலாம்.

முதலில், நெய் நிரப்புகிற முத்திரைத் தேங்காய். முற்றிய, ஓடு தடித்த, நடுத்தர அளவுக் காயாக எடுக்க வேண்டும். நாரை முழுக்கச் சுரண்டி, ஓடு வழவழப்பாகும் வரை தேய்க்க வேண்டும். மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும்; துளை போடுவது அதில்தான். கண்ணைத் தாண்டி ஓட்டில் விரிசல் விழுந்துவிட்டால் அந்தக் காயைச் சமையலுக்குக் கொடுத்துவிட்டு வேறு எடுப்பது நல்லது. மெழுகு வைத்து ஒட்டிச் சரிக்கட்டினால் வேன் குலுக்கலில் அது திறந்துகொள்ளும். துளை, கார்க் முக்கால்வாசி இறங்கி இறுக நிற்கிற அளவு இருந்தால் போதும். பெரிதாகப் போட்டால் நெய் ஊற்றுவது சுலபம், மூடுவதுதான் கஷ்டம்.

தண்ணீரைக் கட்டு நிறைக்கு நாலைந்து மணி நேரம் முன்பே வடித்து, காயை ஒரு டம்ளர் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து துளை போட்டு, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உடனே நெய் ஊற்றுகிற குழுக்கள்தான் அதிகம். உள்ளே தங்கிய தண்ணீர் நெய்யோடு கிடந்து, எருமேலியிலிருந்து காட்டு வழியான பெருவழியில் நடந்து போகிறவர்களுக்குச் சன்னிதானம் சேர்வதற்குள் புளித்த வாடை அடித்துவிடும். அபிஷேகத்துக்குப் போகிற நெய் அது.

நெய் பசுநெய். உருக்கியபின் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிற பக்குவத்தில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் ஆறும்போது நெய் சுருங்கிக் காய்க்குள் வெற்றிடம் விடும். இறுக்கி வைத்த கார்க்கும் தளரும். ஒரு நடுத்தரக் காய்க்குச் சுமார் 150 முதல் 200 மில்லி பிடிக்கும். இருபது சாமிகளுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கு வரும். சிந்துவதற்கும், வர முடியாதவர்கள் கொடுத்தனுப்பும் காய்களுக்கும் சேர்த்து ஐந்து லிட்டராக வாங்கிக்கொள்ளலாம். மெல்லிய தாரையாக, சரணம் சொல்லிக்கொண்டே ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் காற்று வெளியே வர இடமில்லாமல் நெய் பொங்கி வழியும். பாதி காய்தான் நிறைந்திருக்கும், பார்ப்பதற்கு நிறைந்தது போலவே தெரியும். காய் உடம்பு, நெய் உயிர் என்று குருசாமிகள் சொல்லிக்கொடுப்பார்கள். அதை மனதில் வைத்து ஊற்றினால் கை தானாக நிதானப்படும்.

கார்க்கை அழுத்தியபின் நனைத்த அப்பளத் துண்டையோ மைதாப் பசையையோ மேலே ஒட்டுவார்கள். அது காயும் வரை காயைத் தனியே வைத்திருக்க வேண்டும். ஈரத்தோடு கட்டுக்குள் போட்டால் பச்சரிசி பசையில் அப்பிக்கொள்ளும். மலையில் அரிசி அசைய அசைய மூடியும் சேர்ந்து பிய்ந்து வரும். கட்டில் எண்ணெய்த் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்தது கட்டு. முன்முடியில் சாமிக்கு உரியவை: நெய்த்தேங்காய், பச்சரிசி, வெற்றிலை பாக்கு, காணிக்கை, விபூதி, சந்தனம், வெல்லம், கற்கண்டு, உலர் திராட்சை, ஐயப்பனின் முஸ்லிம் தோழரான வாவர் சாமிக்கு மிளகு, மாளிகைப்புறத்தம்மனுக்கு மஞ்சள் பொடியும் ரவிக்கைத் துணியும். பின்முடியில் வழிச் சாப்பாட்டுக்கான சாமான், உடைக்கிற தேங்காய்கள். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர், பிளாஸ்டிக் பொட்டலம் இவற்றை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று 2024 சீசனில் கோயிலின் தலைமைப் பூசாரியான தந்திரியே கேட்டுக்கொண்டார். இருந்தும் பூஜைக் கடையில் விற்கிற ‘இருமுடி செட்’ வாங்கினால் இந்த நான்கும் முதலில் வந்து விழும். செட் வாங்காமல் தனித்தனியாக வாங்கித் துணி முடிச்சிலோ காகிதப் பொட்டலத்திலோ கட்டிக்கொள்வதுதான் சரி. 

எடை கூடுவது பாசத்தால். கட்டைச் சுமக்கிற சாமி மூன்று கைப்பிடி அரிசி போடுவார். பிறகு அம்மா, மனைவி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்குக் கொஞ்சம். மூன்று, நாலு கிலோவில் நிற்க வேண்டிய கட்டு ஏழு கிலோவைத் தொட்டுவிடும். மற்றவர்கள் ஆளுக்கு நாலு மணி அரிசி போட்டால் போதும் என்று குருசாமி முதலிலேயே சொல்லிவிடலாம். யாரும் மனம் நோக மாட்டார்கள். முன்முடியும் பின்முடியும் எடையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் கையால் பிடித்துக்கொண்டே நடக்க நேரும், தோள் விட்டுப்போகும். எல்லாக் கட்டும் ஒரே கறுப்பு, ஒரே காவி என்பதால் கழுத்து முடிச்சில் ஆளுக்கொரு நிற நூல் கட்டுவது பழைய உபாயம். இரவு தங்க விரிப்புப் போட்ட இடத்தில் அதிகாலை இரண்டு மணிக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது முன்பதிவு. இணையத்தில் பதிவு செய்கிற மெய்நிகர் வரிசைக்கு 2024, 2025 சீசன்களில் நாளொன்றுக்கு 70,000 பேர் என்ற அளவு வைத்தார்கள். நேரடிப் பதிவும் உண்டு, ஆனால் இருபது பேரை வைத்துக்கொண்டு அதை நம்பிப் போகக் கூடாது. ஆளாளுக்குப் பதிவு செய்தால் ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை என்று நேரம் சிதறும். ஒருவரே எல்லாருடைய ஆதார் விவரத்தையும் வாங்கி, ஒரே நேரத்துக்குப் பதிவு செய்து, காகிதத்திலும் அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நெய்யபிஷேகத்தை நினைவில் வையுங்கள். உச்சிப் பூஜைக்கு முன்பே அபிஷேகம் முடிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு நடை திறந்தபின் தரிசனம் செய்கிறவர்கள் இரவு தங்கி மறுநாள் காலை அபிஷேகம் செய்ய வேண்டும், அல்லது கவுண்டரில் நெய்யைக் கொடுத்துவிட்டு ஆடிய சிஷ்டம் நெய் (ஏற்கெனவே அபிஷேகம் செய்த நெய்) வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். நள்ளிரவில் பம்பையில் புறப்பட்டு, விடியற்காலை படியேறுவதுதான் குழுவுக்கு ஒத்துவருகிற கணக்கு.

2018 வெள்ளத்துக்குப் பின் பேருந்தும் பெரிய வேனும் நிலக்கலோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து கேரள அரசுப் பேருந்தில் பம்பை. குழு பிரிகிற முதல் இடம் இந்தப் பேருந்து. ஏறுவதற்கு முன்பே ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஐவருக்கும் பழைய சாமி ஒருவரைப் பொறுப்பாகப் போட்டுவிட வேண்டும். முதல்முறை வருகிற கன்னிசாமிகளை மொத்தமாக ஒரே வண்டியில் ஏற்றிவிடக் கூடாது. குழந்தைகளுக்குப் பம்பையில் காவல் துறையினர் கைப்பட்டை கட்டுகிறார்கள். அதில் பொறுப்பாளரின் கைப்பேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பம்பையில் முங்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி 2025 சீசனில் கேரளச் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அமீபா மூளைக்காய்ச்சல் பயம். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினால் புண்ணியம் குறையாது. உடுத்திய துணியை ஆற்றில் விடுவது சபரிமலை ஆசாரமே இல்லை, சட்டப்படி குற்றமும்கூட.

கணபதியைக் கும்பிட்டுப் புறப்பட்டால் சன்னிதானம் சுமார் ஐந்து கிலோமீட்டர். இதில் நீலிமலையும் அப்பாச்சிமேடும்தான் ஆளைச் சோதிக்கிற ஏற்றம். பெருவழியில் அழுதை, கல்லிடும் குன்று, கரிமலை எல்லாம் தாண்டி 40 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிறவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும்; வேனில் இரவு முழுக்க உட்கார்ந்தே வந்தவருக்கு இதயம் ஒரேயடியாகத் துடிக்கத் தொடங்கும். மாரடைப்புகள் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். விரதம் என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது, வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே ஏறுவது, பின்னால் வருகிற இளவட்டங்கள் சரணம் போட்டுத் துரத்த வேகமெடுப்பது ஆகிய மூன்றும் ஆபத்து. மாலை போட்ட நாளிலிருந்து தினம் அரை மணி நேரம் நடந்து பழகியவர் அப்பாச்சிமேட்டில் நின்று பேச முடியும். வழிநெடுக அவசர மருத்துவ மையங்களும் ஆக்சிஜன் பார்லர்களும் இருக்கின்றன. நெஞ்சு அடைத்தாலோ தாடை, இடது தோள் வலித்தாலோ ‘ஐயப்பன் பார்த்துப்பான்’ என்று ஏறாமல் அங்கே உட்கார வேண்டும். குழுவின் வேகம் மூத்த சாமியின் வேகம். அவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் வந்தால் இந்தத் தகராறே இல்லை. முழங்கால் பலவீனமானவர்கள் சுவாமி ஐயப்பன் சாலை வழியாக ஏறலாம். சாமான் ஏற்றிய டிராக்டர்கள் ஓடுகிற பாதை அது. ஓரமாக நடக்க வேண்டும்.

எருமேலியிலிருந்து பெருவழியில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: யானை நடமாட்டத்தால் பிற்பகலுக்குமேல் காட்டுக்குள் விட மாட்டார்கள். பேட்டை துள்ளல் ஆட்டம் ஆடி, வாவர் பள்ளிவாசலை வலம் வந்து, சாப்பிட்டு, மெல்லப் புறப்படலாம் என்று இருந்தால் ஒரு நாள் போய்விடும்.

கன்னிசாமிகள் சரங்குத்தியில் சரம் (மர அம்பு) குத்திவிட்டு வரிசையில் சேர்கிறார்கள். நடைப்பந்தலில் நிற்பது மூன்று மணி நேரமும் ஆகலாம், பத்து மணி நேரமும் ஆகலாம். சுக்கு வெள்ளம் (சுக்குத் தண்ணீர்) கொடுப்பார்கள், குடித்துக்கொண்டே இருங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்தான் படிக்குக் கீழே மயங்கி விழுகிறார். படியேறும் முன் உடைக்க வேண்டிய தேங்காயைப் பின்முடியிலிருந்து முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நெருக்கும்போது கட்டைத் திறந்து துழாவ இடம் இருக்காது.

பதினெட்டாம்படியில் நிமிடத்துக்கு எழுபது, எண்பது பேரை ஏற்றுகிறார்கள். காவலர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார். திரும்பி முறைக்க வேண்டாம். ஒரு கை இருமுடியில், பார்வை அடுத்த படியில். குனிந்து படியைத் தொட்டுக் கும்பிட முயன்றால் பின்னால் வருகிறவர் மேலே விழுவார். கும்பிடுவதைக் கடைசிப் படி தாண்டியபின் வைத்துக்கொள்ளலாம். தரிசனம் சில நொடிதான். என்ன வேண்டிக்கொள்வது என்பதை நடைப்பந்தலில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டு, அந்த நொடியில் வெறுமனே பார்ப்பது மேல். கண்ணை இறுக மூடி மனுப் படித்துவிட்டுத் திறக்கும்போது எதிரே வெளியேறும் வழிதான் இருக்கும்.

எல்லாரும் வெளியே வந்தபின் கூடுகிற இடம் என்று ஒன்றைப் பம்பையிலேயே சொல்லிவிட வேண்டும். அன்னதான மண்டபம் நல்ல இடம், யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். அங்கே கட்டைப் பிரித்து, குருசாமி ஒவ்வொரு காயாக உடைத்து நெய்யை ஒரே பாத்திரத்தில் சேர்ப்பார். மார்கழிக் குளிரில் நெய் உறைந்திருக்கும். கவிழ்த்தால் வராது, கரண்டியால் வழிக்க வேண்டும். மூடியுள்ள வாய் அகன்ற எவர்சில்வர் தூக்கு ஒன்று, கரண்டி ஒன்று, சின்ன டப்பாக்கள் சில என்று தனிப் பை ஒன்றைப் பழைய சாமி ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது. உடைத்த காயில் ஒரு மூடி படிக்குக் கீழே எரிகிற ஆழித் தீக்குப் போகும், மற்றது வீட்டுக்கு.

மாளிகைப்புறத்தில் தேங்காய் உருட்டுவதும் மஞ்சள் தூவுவதும் ஆசாரத்தில் இல்லை என்று தந்திரி சொல்லியிருக்கிறார். 2024இல் கேரள உயர் நீதிமன்றமும் அதைப் பக்தர்களுக்கு அறிவிக்கச் சொன்னது. மஞ்சளையும் ரவிக்கைத் துணியையும் உரிய இடத்தில் சமர்ப்பித்துவிட்டு வந்தால் போதும்.

இறக்கத்தில் முழங்கால்தான் பேசும். சின்னச் சின்ன அடியாக, மழை பெய்திருந்தால் கல் பாவிய இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அபிஷேக நெய்யை வீட்டுக்கு வந்ததும் ஈரமில்லாத கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, காய்ந்த கரண்டியால் எடுத்தால் பல மாதம் கெடாது. கட்டில் மீந்த பச்சரிசியைப் பொங்கலாக்கி, அன்று அரிசி போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு கரண்டியாவது கொடுத்தனுப்ப வேண்டும்.