கைடு மாற்ற மூன்று முறை அலைந்தேன்

போன வாரம்தான் என் பிஎச்டி கைடை, அதாவது ஆய்வு நெறியாளரை, மாற்றும் உத்தரவு கைக்கு வந்தது. ஐந்து மாத அலைச்சல். பிஎச்டி சேரப்போகிறவர்கள் யாரும் இந்தப் பாடு படக்கூடாது.

சேரும்போது நான் பார்த்தது கைடின் கட்டுரை எண்ணிக்கையையும், அவை எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸையும்தான். மாணவர்களை எப்படி நடத்துவார் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. முதல் அத்தியாயம், 42 பக்கம், அவர் மேசையில் வைத்தேன். ஏழு மாதம் கழித்துப் போனால், நான் மாட்டிய கிளிப் மாட்டியபடியே இருந்தது. கழற்றினேன், தாளில் துருக்கறை. பேனாக் கோடு ஒன்றுகூட இல்லை.

ஆறு மாதத்துக்கொரு முறை ஆலோசனைக் குழு கூடுகிறதே, அங்கே சொல்லலாமே என்பார்கள். குழுவைக் கூட்டுபவரே கைடுதான். அவரை எதிரில் வைத்துக்கொண்டு எதைச் சொல்ல? ஆண்டு முடிவில் தந்த கருத்துப் படிவமோ, "பாடத்திட்டத்தை உரிய நேரத்தில் முடித்தாரா?" என்று கேட்டது. அத்தியாயத்தைத் திருத்தித் தந்தாரா என்று கேட்க ஒரு வரி இல்லை.

கைடை மாற்றிவிட முடிவெடுத்தேன். பழையவரின் என்ஓசி (ஆட்சேபமில்லை என்ற கடிதம்), புதியவரின் சம்மதம், துறைத்தலைவர் பரிந்துரை எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. மாட்டிக்கொண்டது பல்கலைக்கழக செக்‌ஷனில். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் கைடாக இருக்கலாம். புதியவர் இணைப் பேராசிரியர்; ஓரிடம் காலி. "காலியிடச் சான்று எங்கே?" என்றார் கிளார்க். மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தவள் வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த முறை, சான்றில் கல்லூரி முதல்வர் முத்திரை இல்லையாம். இதை முதல் நாளே சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்றாம் முறை, மனுவே வரவில்லை என்றார்கள். தபால் பிரிவில் தேதி முத்திரை வாங்கிய நகலை நீட்டினேன். பத்தே நிமிடத்தில் ஃபைல் கிடைத்தது. நகலில் முத்திரை வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், சேருமுன், பிஎச்டி ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் கைடு பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். அவர்களைப் பிடித்து, "அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும்?" என்று கேளுங்கள். புதியவரைப் பற்றி மூன்று பேரிடம் கேட்டேன். மூவருமே இரண்டு வாரம் என்றார்கள். ஓய்வுபெற மூன்றாண்டுகூட இல்லாதவர் புது ஸ்காலரை எடுக்க முடியாது, அதையும் விசாரியுங்கள்.

அதே 42 பக்கம் புதியவரிடமிருந்து பதினோராம் நாள் வந்துவிட்டது. 9ஆம் பக்க ஓரத்தில் சிவப்பு மையில், "இந்த முடிவுக்கு ஆதாரம் எங்கே?" அந்த ஆதாரத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.